படகு அடுப்பும் நீலத் துண்டும்

ஏலே மக்கா,

நேற்று மத்தியானம் நீ அனுப்பிய மீன் வறுவல் போட்டோ வந்தது. பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருபத்தெட்டு வருஷம் இந்த வீட்டில் இருந்தவன் ஒரு நாள் அப்பளம் பொரித்தது கிடையாது. கல்யாணமாகி மூன்றே மாதத்தில், கொல்லத்துக் காயலில் மிதக்கிற படகில் நின்றுகொண்டு, கையில் கரண்டியும் இடுப்பில் கைலியுமாகக் கரிமீன் வறுக்கிறாய். அஞ்சனா கெட்டிக்காரிதான். உன் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, போட்டோவை விரலால் விரித்து விரித்து மீனைப் பார்த்தார். நான் மீனுக்குப் பின்னால் பார்த்தேன். முப்பது வருஷமாக அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவளின் கண் அங்கேதான் போகும். அடுப்பு மேடைக்குக் கீழே, மரச் சுவரில் தரையை ஒட்டி, நானும் உன் படகுக்கு மரவேலை பார்த்த தங்கப்பன் ஆசாரியும் சேர்ந்து ஒரு காற்று வழி போட்டோமே, கம்பி வலை அடித்த ஓட்டை, அதில் ஒரு நீலத் துண்டு திணித்திருந்தது. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியெல்லாம் கடைகளில் தொங்குமே, அந்தக் கட்டம் போட்ட துண்டு. போன சீசனில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன், தலை துவட்ட.

போன் போட்டேன். நீ சொன்னது வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. “எம்மா, காயல்ல காத்து சுத்திச் சுத்தி அடிக்கு. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்க அடுப்பு அணைஞ்சு போவுது. அதான் அடைச்சு வச்சிருக்கேன்” என்றாய். “மொதல்ல துண்டை உருவுலே” என்றேன். நீ சிரித்தாய். “நீ போட்ட கனெக்‌ஷன்ம்மா அது. அதுல எங்கன லீக் ஆவப் போவுது? வேற எவனாவது போட்டிருந்தாப் பயப்படலாம்” என்றாய். அதற்குள் பின்னாலிருந்து அஞ்சனா, புதிதாகப் படித்த தமிழில், “அம்மே, காலையில தோசை சுடும்போ எனக்குத் தலை வேதனிக்குது, சொல்லுங்க” என்றாள். “அது ஈரக் காத்தும்மா, தைலம் தேய்ச்சிருக்கா” என்று நீ வைத்தியம் சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா போனைப் பிடுங்கி, மீனுக்கு என்ன மசாலா போட்டாய் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அவரிடமிருந்து போன் திரும்பி வருவதற்குள் நீ வைத்துவிட்டாய்.

பிறகு அஞ்சனாவைத் தனியாகக் கூப்பிட்டேன். துண்டை உருவச் சொன்னேன், காற்றுக்கு மறைப்பாகப் படகைச் சுற்றி இறக்கிவிட்டிருந்த பாயையும் சுருட்டிக் கட்டச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் செய்து போட்டோவும் அனுப்பினாள். இன்று காலையில் தோசை சுட்டாளாம், தலைவலி இல்லையாம். அது ஈரக் காற்றில் வந்த வலி இல்லை, ஐயா. காற்று வழியை அடைத்து, பாயையும் இறக்கிவிட்டால், அடுப்பு உள்ளே இருக்கிற காற்றைத் தின்று தீர்த்துவிட்டு, மணமே இல்லாத ஒரு நஞ்சைக் கக்கும். சுடர் நீலம் போய் மஞ்சளாகும், தலை வலிக்கும், தூக்கம் வரும். தைலம் தேய்த்துக்கொண்டு அங்கேயே படுத்தால் எழுந்திருக்க முடியாமல் போகலாம். துண்டு வெளியே வந்துவிட்டதால் எனக்கு இன்றைக்குப் பயம் தெளிந்துவிட்டது. ஆனாலும் கடையில் கூட்டமில்லாத இந்த மத்தியான நேரத்தில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். துண்டை அஞ்சனா உருவிவிட்டாள், உன் வாயிலிருந்து வந்த அந்த வாக்கியத்தை யார் உருவுவது? ‘நீ போட்ட கனெக்‌ஷன்ம்மா அது’ என்றாயே. நாளைக்குக் காற்று அடித்தால் அதைச் சொல்லித்தான் நீ மறுபடியும் எதையாவது திணிப்பாய். அதை உருவ வேண்டியவள் நான். அதற்கு உன்னிடம் இரண்டு பொய்களை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒன்று உன் வயசுப் பொய், இன்னொன்று மூன்று மாதப் பொய்.

முதல் பொய் நம் ஹாலில் மாட்டியிருக்கிறது. உன் காது குத்துப் போட்டோ. மொட்டைத் தலையோடு நீ வீறிட்டு அழுகிறாய், பக்கத்தில் நான் பட்டுச்சேலையில் சிரிக்கிறேன். என் புருவத்தைப் பார்த்து உன் சித்தி, “அக்கா, அன்னைக்கு என்ன லட்சணமா வளைச்சு விட்டிருந்தே” என்று இன்றைக்கும் சொல்லுவாள். அது புருவமே இல்லை, மக்கா. கண்மை. போட்டோ எடுப்பதற்கு ஒன்பது நாள் முன்னால் என் இரண்டு புருவமும் எரிந்து போயிருந்தன.

அப்போது நான் அடுப்பு ரிப்பேர் ஆரம்பித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. உன் அப்பா பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டால் மறுநாள்தான் வருவார். தெருவில் பெண்கள் தனியாக இருக்கிற நேரத்தில் வெளி ஆளை வீட்டுக்குள் விட யோசித்தார்கள். என் வீட்டு அடுப்பை நானே கழற்றிச் சரி செய்ததைப் பார்த்த எதிர்வீட்டுக்காரி தன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அவளைப் பார்த்து அடுத்தவள். இப்படித்தான் தென்காசி மாசி வீதி முழுக்க ‘அடுப்பு அக்கா’ என்று பேர் வந்தது. பேர் வந்ததும் தலைக்கனமும் கூடவே வந்தது. அந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜிலிருந்து ஆள் வந்தது, அடுப்பு சரியாக எரியவில்லை, நாற்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு ஆக வேண்டும் என்று. உன்னை எதிர்வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

ரோட்டிலிருந்து ஆறு படி இறங்கிப் போகிற சமையல் கட்டு அது. சாரல் காற்று உள்ளே புகுந்து புகுந்து அடுப்பை அணைத்ததால், அந்தச் சமையல்காரர் ஜன்னலைச் சாத்தி, கீழே இருந்த காற்று ஓட்டையில் ஈரச் சாக்கைத் திணித்து, கதவிடுக்கிலும் ஒரு சாக்கைப் போட்டு அடைத்திருந்தார். சாரல் காலத்தில் குற்றாலத்தில் பாதிச் சமையல் கட்டுகள் அப்படித்தான் இருக்கும், யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. “இப்பத்தான் யக்கா காத்து அடங்கிச்சு, இனி நீங்க பாருங்க” என்றார். சாக்கு வைப்பதற்கு முன்னால் காற்றில் அணைந்த ஒரு அடுப்பின் திருகு திறந்தே கிடந்தது, அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. சாரலில் நனைந்து போனதில் எனக்கு மூக்கடைப்பு வேறு. கசிவு எங்கே என்று பார்க்க நான் என்ன செய்தேன் தெரியுமா? ஊதுபத்தி கொளுத்திக் குழாய் ஓரமாகக் காட்டிப் பார்ப்பது அன்றைக்கு எல்லோருக்கும் வழக்கம். தீக்குச்சியை உரசினேன். நெருப்பு என் கையிலிருந்து வரவில்லை, காலுக்கடியிலிருந்து வந்தது. தரையோடு தரையாக நீலமாக ஓடி, சுவரில் முட்டி மேலே எழும்பியது. அந்த மனிதர் என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் ஆறு படியையும் ஒரே தாவலில் ஏறினேன். எனக்குப் புருவமும் முன்முடியும் போயின, அவருக்குப் பாதி மீசை போயிற்று. மழையில் ரோட்டில் நின்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். முதலில் அழுகை வந்தது, பிறகு அந்த அரை மீசையைப் பார்த்து இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு எங்களுக்குக் கிடைத்த இனாம். கிடைக்காமல் போயிருந்தால் நீ தாயில்லாப் பிள்ளை.

உன் அப்பாவிடம் என்ன சொன்னேன் என்றால், பியூட்டி பார்லரில் புருவத்தை எடுத்துவிட்டார்கள், இப்போது இதுதான் பேஷன் என்றேன். “ஏட்டி, இருக்கதை எடுத்துட்டு மையால வரைஞ்சுக்கிடவா துட்டு வாங்குதாவ?” என்று ஒரு மாதம் புலம்பினார். இன்றைக்கு வரை நம்பிக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போகிறவரும் அவர்தான். நன்றாகப் பசை தடவி ஒட்டித்தான் கொடுப்பேன்.

அன்றைக்கு அந்தத் தரை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். சமையல் கேஸ் புகை மாதிரி மேலே போகாது, தண்ணீர் மாதிரி கீழே இறங்கும், பள்ளம் பார்த்துத் தங்கும். வீடு என்றால் வாசற்படி வழியாக வழிந்து தெருவுக்குப் போய்விட ஒரு வாய்ப்பு உண்டு. படகு அப்படி இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்து அடைத்த பாத்திரம் அது. தண்ணீர் உள்ளே வர முடியாத பாத்திரத்திலிருந்து கேஸும் வெளியே போக முடியாது. பலகைக்குக் கீழே, படகின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் யாராவது மோட்டார் சுவிட்சைத் தட்டுவார்கள், ஒரு பொறி போதும்.

அதனால்தான் பழைய சரக்குப் படகை வாங்கி வீடாக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது, “ஏம்லே, கரையில வீடே கிடைக்கலியா?” என்று கேட்டேன். உனக்குக் கோபம். என் பயத்தில் பாதி கேஸ், மீதிப் பாதி தண்ணீர். உனக்கு ஏழு வயசில் குற்றாலத்தில் படகு விடுகிற குளத்துக்குக் கூட்டிப் போனது ஞாபகம் இருக்கிறதா? மிதிக்கிற படகு, முழங்கால் அளவுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர். அதற்கே நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காசி விசுவநாதரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ ஒருத்தனாகவே மிதித்து ஒரு சுற்று வந்து, “எம்மா, கண்ணைத் தொற, கரை வந்துட்டு” என்றாய். அந்தப் பிள்ளைதான் படகு வாங்கியிருக்கிறான் என்றால் பிடிவாதத்தை மாற்ற முடியாது என்று தெரிந்தது. சரி, மாற்ற முடியாவிட்டால் அடுப்பையாவது நானே போட்டுக் கொடுக்கிறேன் என்று கிளம்பினேன்.

படகு வேலை நடந்த அந்த இரண்டு மாதம் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள் என்று சொன்னால் மிகையில்லை. படகு அடுப்பு எனக்கும் புதுசு. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டு, ஒரு நோட்டில் படம் போட்டேன். தங்கப்பன் ஆசாரியோடு போனில் நடத்திய சண்டையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிலிண்டரை உள்ளே பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் மறைத்து வைக்கலாம் என்றார் அவர். “சேச்சி, புறத்து வெச்சா பார்க்க பங்கி இல்லா” என்றார். “அழகு பாக்கதுக்கா அண்ணாச்சி சிலிண்டர் வைக்கோம்? வெளிய வைங்க” என்றேன். வைத்தார், என்ன அழகாக வைத்தார்! படகின் பின் தட்டில் தனிப் பெட்டி, மேலே திறக்கிற மூடி, படகின் உள்பக்கம் ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் அடைத்த சுவர், பெட்டியின் அடியில் நேரே காயலுக்குப் போகிற துளை. சிலிண்டர் கசிந்தால் அது காயலோடு போகட்டும். நிமிர்த்தி வைத்து வாரால் கட்டினோம். அங்கிருந்து அடுப்பு வரை செம்புக் குழாய், நடுவில் ஒட்டே கிடையாது, இரண்டு முனையில் மட்டும் நட்டு. அடுப்போடு சேர்கிற இடத்தில் மட்டும் சாண் நீளத்துக்கு ரப்பர் டியூப். அடுப்பும் சும்மா தூக்கி வைத்தது இல்லை, மேடையோடு திருகி, பாத்திரம் சறுக்காமல் சுற்றிக் கம்பி போட்டது. சுடர் அணைந்தால் தானே கேஸை நிறுத்திக்கொள்கிற அடுப்பாகத் தேடி வாங்கினேன். காற்றில் அது அணைவதும் திரும்பப் பற்ற வைப்பதும் உனக்கு எரிச்சலாக இருக்கிறது, தெரிகிறது. அது அணைந்து நின்றுவிடுகிறதே என்று சந்தோஷப்படு. குற்றாலத்து அடுப்பு அப்படி நின்றிருந்தால் எனக்குக் கண்மை தேவைப்பட்டிருக்காது.

இனி இரண்டாவது பொய். பால் காய்ச்சின அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும் என்று நீ நினைக்கிறாய்.

குழாயின் ஒரு முனையைக் கடையிலேயே ரப்பர் டியூப்போடு சேர்த்து நட்டை முறுக்கிவிட்டேன், என் மேஜையில் வைத்து, என் கையால். வேனில் ஏற்றிக் கட்டிக்கொண்டு செங்கோட்டை தாண்டி மலை இறங்கினோம். தென்மலையில் டீ குடிக்கும்போது உன் அப்பா சொன்னார்: “ஏட்டி, இந்த ரோடு குலுக்குத குலுக்குல அந்த நட்டு எளகியிருக்கும். அங்கன போனதும் ஒரு தடவை பாத்துக்கோ.” நாற்பது வருஷம் பஸ் ஓட்டினவர், குலுக்கலைப் பற்றி அவருக்குத் தெரியாதா? எனக்குச் சுருக்கென்று வந்தது. “உங்க பஸ்ஸு நட்டா அது? நான் முறுக்குனது” என்றேன். அவர் டீயைக் குடித்தார்.

அன்றைக்கே போய்க் குழாயை மாட்டினோம். மறுநாள் வெள்ளிக்கிழமை, பால் காய்ச்ச வேண்டும். நல்ல நேரம் பத்தே கால் வரை, பத்தரைக்கு ராகு காலம். அவர்கள் பக்கமும் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவது உண்டு என்பதால், அஞ்சனாவின் அம்மா குத்துவிளக்கைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டு, பால் பாத்திரத்தோடு படகில் நின்றுகொண்டிருந்தார்கள். கரையில் ஐம்பது பேர். நீ எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “எங்க அம்மா கை வச்சா லீக்குங்கற பேச்சே கிடையாது, தென்காசியில எந்த வீட்டுலயும் கேட்டுப் பாருங்க” என்று பெருமை அடித்தாய். நான் பூரித்துப் போய்த்தான் நின்றேன். அந்தப் பூரிப்போடு சோதனை மீட்டரை மாட்டி, அடுப்புத் திருகுகளை மூடி, சிலிண்டரைத் திறந்து குழாயை நிரப்பி, மறுபடி மூடினேன். மீட்டர் முள் பத்து நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். மெதுவாகக் கீழே இறங்கியது. இன்னொரு தடவை நிரப்பினேன். மறுபடியும் இறங்கியது.

“எம்மா, பத்தே கால் ஆவப் போவுது. எல்லாரும் நிக்காவ. ஒரே ஒரு டம்ளர் பாலும்மா, காய்ச்சிட்டு அப்புறம் பாரேன்” என்று நீ என் காதோரம் வந்து கெஞ்சினாய். “முள்ளு எறங்குது. பத்த வைக்க விட மாட்டேன்” என்றேன். உன் முகம் சிவந்தது. உன் கல்யாண வாழ்க்கையின் முதல் காரியத்தை உன் அம்மாவே தடுத்து நிறுத்துகிறாளே என்று உனக்கு அவமானமாக இருந்திருக்கும். அதில் நான் செய்தது சரிதான், இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். அடுத்துச் செய்ததுதான் தப்பு. ஏன் இறங்குகிறது என்று அஞ்சனாவின் அம்மா கேட்டார்கள். ஐம்பது பேர் என்னைப் பார்த்தார்கள். “ஆசாரி அண்ணாச்சி குழாய் போற ஓட்டையைக் கோணலாப் போட்டுட்டாவ, அதுல குழாய் நசுங்கியிருக்கும்” என்று என் வாய் சொல்லியது. பார்க்காமலே சொன்னேன். ஆசாரி கைத் துளைப்பானை எடுத்து வந்து ஓட்டையைப் பெரிதாக்கினார். முள் மறுபடியும் இறங்கியது. நல்ல நேரமும் போனது.

பிறகு நான் மேடைக்கு அடியில் தவழ்ந்து போனேன். ஆசாரி பின்னாலிருந்து டார்ச் பிடித்தார். சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு முனையாகப் பூசினேன். அடுப்புக்குப் பின்னால் இருந்த நட்டில், தென்காசியில் நான் முறுக்கிய அதே நட்டில், கடுகளவு ஒரு குமிழ் வந்தது. மிளகளவு ஆனது, உடைந்தது, மறுபடியும் வந்தது. உன் அப்பா சொன்ன அதே நட்டு. கால் திருகு திருப்பினேன், குமிழ் நின்றது, முள்ளும் பத்து நிமிஷம் ஆடாமல் நின்றது. வெளியே தவழ்ந்து வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரியாப் போச்சு” என்று மட்டும் சொன்னேன். எது சரியாயிற்று என்று சொல்லவில்லை. ஓட்டைதான் காரணம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டீர்கள்.

மணி பத்து ஐம்பது, ராகு காலம் பிறந்துவிட்டது. பாத்திரத்தை வைப்பதா வேண்டாமா என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் விழித்தபோது அஞ்சனா சொன்னாளே, “ராகு காலம் கரையில அல்லே அம்மே? நம்ம காயல்ல இருக்கோம்!” என்று. அந்த நிமிஷம் நான் அவளை என் மகளாக எடுத்துக்கொண்டேன். கரையில் நின்றவர்களும் சிரித்தார்கள், அவள் அம்மாவும் சிரித்தார்கள், நீலச் சுடர் நின்று எரிந்தது, பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. உன் அப்பா என் பக்கத்தில் வந்து, “பாலு பொங்கிட்டு. நீ பொங்காம இரு” என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லிக் காட்டவில்லை. நீ எல்லோருக்கும் பால் கொடுத்துக்கொண்டே வந்து, ஆசாரியிடம் டம்ளரை நீட்டி, “இனி ஓட்டை போடும்போது பாத்துப் போடுங்க ஆசாரி” என்றாய். அவர் தலையை ஆட்டிக்கொண்டு குடித்தார். நான் என் டம்ளரை அப்படியே பலகையில் வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, மக்கா. மூன்று மாதமாக இருக்கிறது.

இன்று காலையில் ஆசாரிக்குப் போன் போட்டேன். நட்டு என்னுடையது, தப்பு என்னுடையது, உங்கள் மேல் பழியைப் போட்டேன் அண்ணாச்சி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்தார். “சேச்சி, அது ஞான் அன்னைக்கே கண்டு. டார்ச் பிடிச்சது ஞானல்லே?” என்றார். அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “கல்யாணப் பையன்டெ அம்மை, பெண் வீட்டுக்காரங்க முன்னாடி நிக்குது. ஒரு ஓட்டைதானே, ஞான் ஏத்துட்டா என்ன?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்கு வந்திருந்த பெண் பயந்து போய், தன் அடுப்பு பிழைக்காதா என்று கேட்டாள்.

ஆக, மக்கா, உன் அம்மா போட்ட கனெக்‌ஷன் கசிந்தது. தென்காசியில் எந்த வீட்டிலும் கேட்டுப் பார் என்றாயே, அந்த அம்மா போட்டதுதான், உன் கல்யாணத்துக்காக ஆசை ஆசையாக முறுக்கியதுதான். அன்றைக்கு முள்ளைப் பார்க்காமல், நீ கெஞ்சியதற்கு இரங்கி, ஒரு டம்ளர் பால்தானே என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நட்டுக்கு நீ என் மகன் என்று தெரியாது. மலை ரோட்டில் வேன் குலுங்கினால் இளகும், காயலில் படகு ஆடினாலும் இளகும், உப்புக் காற்றில் செம்பும் பச்சை பிடிக்கும். உப்புக்கு யார் போட்ட கனெக்‌ஷன் என்ற கணக்கு இல்லை. என்மேல் நீ வைத்திருக்கிற நம்பிக்கை எனக்கு இனிக்கத்தான் செய்கிறது. அதைச் சோறு போடுகிற விஷயத்தில் வை, அடுப்பு விஷயத்தில் வைக்காதே.

அடுப்பை அணைக்கிற காற்றைத் தடுக்கவும் ஒரு வழி செய்திருக்கிறேன். கோயில் கோபுர வாசலில் வீசுகிற காற்றிலேயே கற்பூரம் ஏற்றுகிறவள் நான், காயல் காற்றுக்கா மலைப்பேன்? மூன்று பக்கமும் தகரத்தில் மடித்து ஒரு மறைப்பு அடித்து, இதோடு பார்சலில் அனுப்புகிறேன். அடுப்பைச் சுற்றி நிறுத்து, சுடர் அணையாது. கீழே உள்ள காற்று வழியும் மேலே உள்ளதும் எப்போதும் திறந்தே இருக்கட்டும். சமைத்து முடித்ததும் அடுப்புத் திருகை மட்டும் மூடிவிட்டு நகராதே, பின் தட்டுக்குப் போய்ச் சிலிண்டரையும் மூடு. பெட்டியின் அடித் துளையில் இலை, தழை, கூடு என்று எதுவும் அடைக்காமல் குச்சி விட்டுப் பார். பலகைக்கு அடியில் வைத்த கேஸ் அலாரம் கத்தினால், அது பொய்யாகக் கத்துகிறது என்று பேட்டரியைக் கழற்றாதே. சுவிட்ச் எதையும் தொடாமல், சிலிண்டரை மூடிவிட்டு, அஞ்சனாவைக் கூட்டிக்கொண்டு கரையில் இறங்கி நின்று எனக்குப் போன் பண்ணு. மாதம் ஒரு தடவை சோப்பு நுரை பூசு, பார்த்து முடித்ததும் நல்ல தண்ணீரால் துடைத்துவிடு. தீக்குச்சியால் சோதிக்க நினைத்தால் ஹாலில் இருக்கிற போட்டோவை நினைத்துக்கொள்.

இதையெல்லாம் நீ செய்யாவிட்டால் அஞ்சனா செய்வாள், அவளிடமும் சொல்லிவிட்டேன். “அம்மே போட்டதல்லே, சந்தேகிக்கலாமா?” என்று கேட்டாள். தாராளமாகச் சந்தேகப்படு என்றேன். மாமியாரைச் சந்தேகப்பட மருமகளுக்கு இவ்வளவு நல்ல காரணம் எந்த வீட்டிலும் கிடைக்காது.

ஆவணியில் நானும் அப்பாவும் வருகிறோம். கண்ணை மூடாமல் படகில் ஏறிக் காட்டுகிறேன், பார். ஆசாரியையும் அஞ்சனாவின் அம்மா அப்பாவையும் அன்றைக்குக் கூப்பிடு. நல்ல நேரம் எதுவும் குறிக்க வேண்டாம். பாலை வாங்கி வை, ஆனால் உடனே அடுப்பில் ஏற்றாதே. அவர்கள் எல்லோர் முன்னாலும் இந்தக் கடிதத்தில் உள்ளதை நானே என் வாயால் சொல்கிறேன். புருவத்தையும் சேர்த்துத்தான், உன் அப்பா என்ன சொல்லுவாரோ தெரியவில்லை. சொல்லி முடித்ததும் நீ சோப்புப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மேடைக்கு அடியில் போ. அம்மா முறுக்கிய நட்டில் நன்றாகப் பூசு, குமிழ் வருகிறதா என்று பார். நான் உன் பின்னால் குனிந்து டார்ச் பிடிக்கிறேன்.

அன்போடு,
உன் அம்மா